பதினான்காம் அறையின் ஜன்னல்

கொத்தனார் எதையும் வெறும் கண்ணால் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. நூல் பிடித்துப் பார்ப்பார், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார், அப்புறம்தான் தலையை ஆட்டுவார். முப்பது வருஷமாக அவர் சட்டைப் பையில், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற ஒரு தூக்குக்குண்டு கிடக்கிறது. அந்தப் பை எத்தனை முறை பிய்ந்திருக்கிறது என்று தைத்துக் கொடுக்கும் மனைவியைத்தான் கேட்க வேண்டும். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, ஊசி போட வந்த நர்சிடம், "அம்மா, உங்க கதவு நிலை கால் அங்குலம் சாஞ்சிருக்கு" என்று சொன்னவர்.

அவர் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவர் மகன். மிதித்தது அன்று காலை ஒன்பது மணிக்கு. ஒரு தகரப் பெட்டி, ஒரு மெத்தைச் சுருள், ஒரு பக்கெட். கூடவே கொத்தனாரின் சாமான் பையும் வந்திருந்தது. மகனை ஹாஸ்டலில் விட்டுவிட்டு மத்தியானம் வேலைக்குப் போய்விடலாம் என்று அவருக்கு நினைப்பு.

ஹாஸ்டல் அலுவலகத்தில் கிளார்க் ஒரு தாளை நீட்டினார். "கீழ்க்கண்டவை யாவும் நல்ல நிலையில் இருக்கக் கண்டு பெற்றுக்கொண்டேன்" என்று மேலே ஒரு வரி. கீழே கட்டில் 1, மேசை 1, நாற்காலி 1, அலமாரி 1, ஜன்னல் 1, சுவர் 4. அடியில் பெற்றோர் கையெழுத்து. ஐந்து மணிக்குள் தாள் திரும்பி வராவிட்டால் அறை காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். அந்த அடுத்தவன் வராந்தாவில் தன் மெத்தைச் சுருள்மேலேயே உட்கார்ந்திருந்தான். ஒல்லியான பையன். மகனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

மற்ற அப்பாக்கள் தாளைச் சுவரில் வைத்து ஒரே மூச்சில் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொத்தனார் படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் எழுத்து எழுத்தாகப் படித்தார். ஓர் எழுத்துகூட அவரிடமிருந்து தப்பவில்லை.

"இருக்கக் கண்டுன்னு போட்டிருக்கு. நான் இன்னும் காணலையே சார்."

"அதெல்லாம் சும்மாங்க. எல்லாரும் போடுறதுதான்."

"சும்மான்னா எதுக்கு சார் கையெழுத்து?"

மகன் பின்னாலிருந்து சட்டையை இழுத்தான். "அப்பா, போட்டுடுங்கப்பா." அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு பதினான்காம் அறையைப் பார்க்கக் கிளம்பினார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஸ்திரி கேட்டாரே என்று, தான் பார்க்காத ஒரு சுவருக்கு நல்லா இருக்கு என்று கையெழுத்துப் போட்டவர் அவர். அடுத்த மழையில் சுவர் படுத்துக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தத் தெருவழியாக அவர் இன்றுவரை நடப்பதில்லை. நாலு தெரு சுற்றிக்கொண்டு போவார்.

அறையில் கட்டில் இருந்தது, தொட்டால் ஊஞ்சலாக ஆடியது. அலமாரி இருந்தது, அதன் கதவு கட்டிலுக்கு அடியில் இருந்தது. நாற்காலிக்கு மூன்று கால். அது சுவரில் சாய்ந்து ஒரு மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் மட்டும் இல்லை. பெரிய அறை ஒன்றை எப்போதோ நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். பாகப் பிரிவினையில் ஜன்னல் பதினைந்தாம் அறைக்குப் போய்விட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பினார்.

"சார், நாற்காலிக்கு மூணு கால்தான் இருக்கு."

கிளார்க் பட்டியலைப் பார்த்தார். "நாற்காலி ஒண்ணுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னங்க? காலைப் பத்தி லிஸ்ட்ல ஒண்ணும் இல்லையே."

"அப்ப மூணு கால்னு எழுதிக் கையெழுத்துப் போடுறேன்."

"அப்படி எழுத இடம் விடலைங்க."

"சரி, ரிப்பேராவது பண்ணிக் குடுங்க."

"தாராளமா. ரூம்ல தங்கியிருக்கிற ஸ்டூடண்ட் எழுதிக் கேட்டா பண்ணிடுவோம்."

"எழுதுடா தம்பி."

"அவர் எப்படி எழுத முடியும்? நீங்க கையெழுத்துப் போட்டாத்தானே அவர் ரூம்ல தங்கியிருக்கிற ஸ்டூடண்ட்."

கிளார்க் கெட்டவர் இல்லை. பத்தொன்பது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, காலையில் வெளிச்சம் வருவதுபோல இதுவும் இயற்கை என்று நம்பிவிட்டவர்.

மகன் கண் கலங்கிவிட்டது. "அப்பா, ரூம் போயிடும்பா. தினமும் ஊர்லேருந்து மூணு பஸ் மாறி வந்து படிக்க முடியுமா?"

"போகாது. நல்ல நிலையில இருக்கணும், அவ்வளவுதானே? இருக்க வெச்சிடுவோம்."

ஹாஸ்டலுக்குப் பின்னால் மதில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கரணையால் பூசிக்கொண்டிருந்தவர் இவர் கையைப் பார்த்ததுமே இனம் கண்டுகொண்டு, ஒரு சட்டிக் கலவையும் நாலைந்து செங்கல்லும் கொடுத்தனுப்பினார். கட்டில் காலுக்கு அடியில் செங்கல் சில்லு வைத்தாயிற்று. அலமாரிக் கதவைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தபோது வாசலில் வந்து நின்றவன் அந்த ஒல்லிப் பையன்தான்.

"அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிடுமா அங்கிள்?" என்று கேட்டான். எந்தக் கவலையில் கேட்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கதவை ஆடாமல் பிடித்தான்.

நாற்காலியின் நான்காவது காலைச் செங்கல்லில் கட்டிப் பூசி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். இனி நாற்காலியைத் தரையிலிருந்து பிரிக்க முடியாது.

"இனிமே இது நகராதுப்பா" என்றான் மகன்.

"படிக்கிறவன் எதுக்குடா நகரணும்? மேசையை இதுகிட்டக் கொண்டா. மூணு நாளைக்கு உக்காராத. காலையிலயும் சாயந்திரமும் காலுக்குத் தண்ணி ஊத்து."

மணி நாலே கால். பாக்கி ஜன்னல் ஒன்றுதான்.

பதினைந்தாம் அறைக் கதவைத் தட்டினார். அங்கேயும் புதிதாக வந்த பையன் ஒருவன், தலையில் ஈரத் துண்டோடு வந்து திறந்தான்.

"தம்பி, உன் ஜன்னல்ல எங்களுக்குக் கொஞ்சம் வேணும்."

"எடுத்துக்குங்க அங்கிள். எனக்கு வெயில் மூஞ்சியிலதான் அடிக்குது."

நடுச்சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். தலை உயரத்தில், ஜன்னலுக்கு நேராக, நாலு செங்கல்லை உருவினார். அந்தப் பக்கத்து வெயில் இந்தப் பக்கம் வந்து, புது நாற்காலிக் காலின்மேல் சதுரமாக விழுந்தது. ஓட்டையின் ஓரங்களைப் பூசி, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இடித்த சத்தம் கேட்டு கிளார்க்கே ஓடி வந்துவிட்டார்.

"என்னங்க இது? சுவத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்கீங்க."

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார். "சுவர் நாலுன்னு போட்டிருக்கா சார்?"

"போட்டிருக்கு."

"நாலு இருக்கா?"

கிளார்க் விரலை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றி எண்ணினார். சந்தேகமாக இருந்ததோ என்னவோ, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார். "இருக்கு."

"ஓட்டையைப் பத்தி லிஸ்ட்ல ஒண்ணும் இல்லையே சார்."

கிளார்க் தாளை எட்டிப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அவர் பேச்சையே பேசிய முதல் ஆள் இவர்தான். மெல்லப் போய் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கமிருந்து ஈரத் துண்டுக்காரனும் பார்த்தான்.

"ஜன்னல் தெரியுதா சார்?"

"தெரியுது" என்று ஒப்புக்கொண்டார் கிளார்க்.

"இப்ப கண்டாச்சு." நாலு ஐம்பத்தாறுக்குக் கொத்தனார் மேசைமேல் தாளை வைத்து, அழுத்தி, ஒவ்வோர் எழுத்தும் நேராக நிற்கும்படி கையெழுத்துப் போட்டார். ஒல்லிப் பையன் பெருமூச்சு விட்டு மெத்தைச் சுருளைத் தூக்கிக்கொண்டான். அவனுக்கும் மறுநாளே இடம் கிடைத்தது. இரண்டு ஜன்னல் உள்ள அறை, கதவுதான் இல்லை.

நாலு வருஷம் மகன் அந்த நகராத நாற்காலியில் உட்கார்ந்து படித்தான். ஓட்டை வழியாகச் சோப்பு போனது, நோட்டு வந்தது, பரீட்சை நாள் விடிகாலையில் எழுப்பிவிட ஒரு கை வந்து சுவரைத் தட்டியது. பட்டமளிப்பு நாளில், மகன் அந்தக் கறுப்பு அங்கியைக் கழற்ற மனமில்லாமல் அதோடேயே அப்பாவை ஹாஸ்டலுக்கு அழைத்து வந்தான்.

அலுவலகத்தில் ஒரே கூச்சல். அந்த வருஷத்துப் புதுப் பையன்களின் அப்பாக்கள் வராந்தா முழுக்க நின்றார்கள். முன்னால் நின்றவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, புதிதாக அச்சடித்த தாளைக் கிளார்க்கின் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சுவர் நாலு, சரி. ஓட்டை ஒண்ணுன்னு போட்டிருக்கே. எங்க ரூம்ல ஓட்டையே இல்லையே சார்."

"எங்க ரூம்லயும் இல்லைங்க" என்றார் பின்னால் ஒருவர்.

கிளார்க் நிமிர்ந்தார். கூட்டத்துக்குப் பின்னால் கொத்தனாரைக் கண்டதும் அவர் முகத்தில் உயிர் வந்தது. "அதோ பாருங்க, அவரைக் கேளுங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. கொத்தனார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"எத்தனை ரூமு சார்?" என்றார்.