கேமரா வந்தால் தெளியும் ஓடை

ஒரே இடத்தை ஒரு வருடம் படமெடுப்பது என் திட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் இன்றும் எங்கள் ஊர் ஓடைக்குப் போனேன்.

முதல் இரண்டு மாதம் ஊதாவும் சிவப்புமாக ஓடிய தண்ணீர், ஐந்து மாதமாகத் தெளிவாக இருக்கிறது. ஓடை பிழைத்துக்கொண்டது என்று இந்தப் பக்கத்திலேயே பெருமையாக எழுதியிருந்தேன்.

அங்கே ஆடு மேய்க்கும் அக்காவிடம் இன்று அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, நீங்க வர்ற நாளு மட்டுந்தானுங்க சாயப்பட்டறைல கழிவுத்தண்ணி உடறதில்ல. உங்களப் பொல்யூசன் ஆபீசருன்னு நெனச்சுட்டாங்க."

"நான் பனியன் கம்பெனில ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசருங்க அக்கா."

"ஐயோ, அத வெளிய சொல்லிப்போடாதீங்க! அன்னிக்கு ஒரு நாளுதான் என்ற ஆடுக நல்ல தண்ணி குடிக்குது. வாராவாரம் வர முடியுங்களா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு என் பொறுப்பு. மற்ற ஆறு நாளுக்குக் கேமரா வைத்திருப்பவர்கள் கிழமையைக் கீழே எழுதுங்கள். படமெடுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.