தென்மேற்கில் தண்ணீர் கூடாது

எங்கள் குடியிருப்பின் புல்தரையில் யாராவது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெசன்ட் நகரில், கடற்கரைக்கு நான்கு தெரு தள்ளி, நாற்பத்தைந்து அடி நீளமும் முப்பது அடி அகலமுமாகக் கொரியன் புல். குழந்தைகள் ஓடக் கூடாது, நாய் கூடாது, நாற்காலி போடக் கூடாது. இத்தனை கூடாதுகளையும் எழுதி நட்டிருந்த பலகை புல்லைவிடப் பச்சையாக இருந்தது.

புல் திட்டுத் திட்டாகக் காய்ந்ததற்குக் காரணம் எளியது. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வந்த தோட்டக்கார அம்மா தினமும் காலை ஏழு மணிக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டார். ஏழு மணி என்பது குடியிருப்போர் சங்கம் வைத்த நேரம். அதே ஏழு மணிக்குத்தான் இருபத்து நான்கு வீடுகளும் குளித்தன. மேல்தொட்டித் தண்ணீர் ஹோஸின் நுனிக்கு வரும்போது நூலாக இளைத்திருக்கும். அவர் நின்ற இடம் பச்சை, நிற்க நேரமில்லாத இடம் பழுப்பு.

சங்கக் கூட்டத்தில் இதை யாரும் பேசவில்லை. அந்த அம்மாவின் சோம்பலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியவரில்லை. கடைசியில் தலைவர் எழுந்தார். அரசுத் துறை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் தேடுபவர்.

"ஸ்பிரிங்க்ளர் போட்டுடலாம். சிங்கப்பூர்ல என் பொண்ணு இருக்கற இடத்துல மனுஷனே கிடையாது. புல்லு தானா குளிக்கறது. அப்புறம் இந்த அம்மா எதுக்கு?"

தீர்மானம் நிறைவேறியது. ஸ்பிரிங்க்ளர் புல்தரை முழுவதையும் சீராக நனைத்தால், மறு மாதத்திலிருந்து தோட்டக்கார அம்மா வர வேண்டியதில்லை. அதை எழுதியது நான்தான். முப்பது வருடம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பிழை திருத்தியவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். தீர்மானத்தில் ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் அந்த அம்மா என்னை மாடிப்படியருகே நிறுத்தினார்.

"இன்னா சார், பைப்பு வந்தா நான் வாணாமாமே? வாட்ச்மேன் சொல்லிக்கினு கீறான்."

"சரியாக வேலை செய்தால்தான்."

"சரியா செய்யுமா?"

"தெரியாது" என்றேன். அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. முழங்கால் வலியால் மீன்கூடை தூக்குவதை இவரும் விட்டிருந்தார். இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் ஸ்பிரிங்க்ளர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டபோது, அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே என் மண்டையில் இருந்தது.

மயிலாப்பூரில் ஒரு சந்தில் சொட்டுநீர்ச் சாமான் விற்கும் பாயிடம் போனேன். விற்றுவிட்டு ஒதுங்குகிறவரில்லை, தானே வந்து பொருத்தித் தருபவர். கடைக்குப் பின்னால் ஒரே குழாயில் இரண்டு ஸ்பிரிங்க்ளர் மாட்டி வைத்திருந்தார். ஒன்று சாதாரணம். இன்னொன்றில் தண்டுக்குள்ளேயே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. மோட்டாரைப் போட்டதும் சாதாரணமானது வெண்புகையாகச் சீறியது.

"இது தண்ணியா சார்? சாம்பிராணி. உங்க ஏரியா கடக்காத்துக்கு நேரா வேளச்சேரிக்குப் போய் எறங்கும். அவன் ஒவ்வொரு மழைக்கும் தண்ணில கீறான், பாவம்."

மற்றதில் அதே மோட்டார், அதே குழாய். தண்ணீர் தனித்தனித் துளிகளாக, விசிறி மடிப்புபோலத் தெளிவாக விழுந்தது. உள்ளே ஐம்பது பிஎஸ்ஐ அழுத்தம் வந்தாலும் வெளியே முப்பதுதான் விடும் என்றார். பம்புக்குப் பக்கத்தில் இருப்பதும் கடைசியில் இருப்பதும் ஒரே அளவு தெளிக்கும். முப்பதுக்குக் கீழே போனால் மட்டும் அதால் ஒன்றும் செய்ய முடியாது. இல்லாத அழுத்தத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? அதனால் மேல்தொட்டியை நம்பாமல் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து தனி மோட்டார் வேண்டும்.

இதைத் தலைவரிடம் சொன்னேன்.

"காசு கொடுத்துப் பெரிய மோட்டார் வாங்கிட்டு, அதோட வேகத்தக் குறைக்கறதுக்கு இன்னொரு காசா? யார் சார் உங்களுக்கு இந்த ஐடியா கொடுத்தது?"

சென்னையில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் வேகம்தான். குழாயைத் திறந்தால் வாளி அதிர வேண்டும். தலைவரைக் கடைக்கே அழைத்துப்போய்ப் புகையைக் காட்ட வேண்டியிருந்தது. அவருடைய சட்டை நனைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதைத்தான் நான் முதல்லேருந்து சொல்லிண்டிருக்கேன்" என்றார். அவர் எப்படி ஓய்வு வரை வேலையில் நீடித்தார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

பாய் வரைந்த படத்தில் பன்னிரண்டு ஸ்பிரிங்க்ளர். பதினைந்து அடிக்கு ஒன்று, ஒன்றின் தண்ணீர் அடுத்ததன் காலடி வரை எட்டும்படி. இடைவெளியில் மிச்சம் பிடித்தால் நடுவில் வழுக்கை விழும் என்று எச்சரித்தார். மூலையில் இருப்பவை கால்வட்டம், ஓரத்தில் இருப்பவை அரைவட்டம், நடுவில் முழுவட்டம். இரண்டு நாளில் பள்ளம் வெட்டிக் குழாயைப் பதித்தார். மண் மூடுவதற்கு முன் சோதனை.

சங்கத்தின் விசேஷப் பாத்திரங்களிலிருந்து ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் இருபது எடுத்துப் புல்தரை முழுக்கப் பரப்பினேன். கால் மணி நேரம் தண்ணீர் விட்டோம். பிறகு ஸ்கேலோடு மண்டியிட்டு ஒவ்வொரு டம்ளராக அளந்தேன். பத்து மில்லிமீட்டர். ஒன்பது. பத்து. பதினொன்று. பத்து. இருபதிலும் ஒன்பதுக்குக் குறைவில்லை, பதினொன்றுக்கு மேலில்லை. பாய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

தோட்டக்கார அம்மா துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"எல்லாத்துலயும் ஒரே மாரி கீதா சார்?"

"ஒரே மாதிரி!" என்றேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். நான் நட்டநடுவில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களைப் பொறுக்கி, கழுவி அடுக்கப் போனார். அந்த முதுகைப் பார்த்தபோதுதான், அரை மணி நேரமாக மண்டியிட்டு நான் எதை அளந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

அன்று மாலை தலைவர் கையில் எங்கள் கட்டடத்தின் வரைபடத்தோடு வந்தார். அவருடைய வாஸ்து நிபுணர் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிட்டாராம்.

"நைருதி மூலையில தண்ணி கூடாது. மண்ணுக்கடியில பைப்பே போகக் கூடாது. குடும்பத் தலைவனுக்கு ஆகாது."

"எந்தக் குடும்பம்? இருபத்து நான்கு இருக்கிறதே?"

"அசோசியேஷனே ஒரு குடும்பம்தானே" என்றார். அதன் தலைவன் யார் என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தென்மேற்கின் இரண்டு ஸ்பிரிங்க்ளர்களையும் பிடுங்கி வடகிழக்கில் வைக்கச் சொன்னார். ஈசானியத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் நல்லதாம். தென்மேற்குதான் மாலை வெயிலை முழுசாக வாங்குகிற மூலை, அங்கேதான் புல் முதலில் காயும் என்றேன். கமிட்டி உறுப்பினர்கள் ஆறு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதில் நான்கு பேர் அறிவியல் பட்டதாரிகள். இருவர் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் பலகையில் போட்டிருப்பவர்கள்.

பாய் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "சார், இது மோட்டார் வேலையா, மந்திர வேலையா? முன்னாடியே சொல்லியிருந்தா அதுக்குத் தோதா நாசில் எடுத்து வந்திருப்பேனே."

மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திறப்பு விழா நடந்தது. மோட்டாருக்கு மாலை, கற்பூரம், எலுமிச்சம்பழம். பட்டுப்புடவையில் வந்த பெண்கள் ஈசானிய மூலையில் நின்றார்கள். இரட்டைப் பங்கு தண்ணீர் அங்கேதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோக்களில் கூச்சல்தான் நன்றாகப் பதிவாகியிருந்தது.

மறுநாள் யாரும் கேட்காமலே மறுபடி டம்ளர் வைத்தேன். வடகிழக்கில் இருபத்திரண்டு மில்லிமீட்டர். தென்மேற்கில் இரண்டு. மூன்று வாரத்தில் ஒரு மூலை சேறாகிக் கொசு வந்தது, இன்னொரு மூலை தேங்காய் நார் நிறத்துக்கு மாறியது. நடுவில் மட்டும் பாயின் கணக்குப்படி அருமையான புல்.

கூட்டம் கூடியது. எண்கள் இருந்த தாளைப் படித்தேன். ஒருவர் கொட்டாவி விட்டார். தலைவர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"அந்த மூலைக்கு மட்டும் கையால ஊத்தட்டும். மேலேருந்து ஊத்தறது மழை மாதிரி. மழைக்கு ஏது சார் வாஸ்து? அந்த அம்மாவே இருக்கட்டும். சேத்தையும் அவங்களே வாரட்டும்."

எழுதினேன். முதல் தீர்மானம் ரத்து.

மறுநாள் காலை அந்த அம்மா தென்மேற்கு மூலையில் ஹோஸோடு நின்றார். நேரத்தை ஏழிலிருந்து ஐந்தரைக்கு மாற்றியிருந்தேன், அதைச் செயலாளரே செய்யலாம். தண்ணீர் நன்றாக வந்தது.

"நல்ல வேள சார்" என்றார். "நீ கீழ குந்திக்கினு ஸ்கேலு வெச்சு அளந்தியே, அத எவனும் கேக்கல. கேட்டிருந்தா நான் காலி."

அவர் என்னை ஒருமையில் பேசியது அதுவே முதல் முறை.

போன வாரம் பாய் போன் செய்தார். அந்த இரண்டு ஸ்பிரிங்க்ளரையும் பழைய இடத்துக்கே மாற்ற அரை நாள் போதும், தலைவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து வந்து முடித்துவிடுகிறேன், அப்படியே விட மனசு வரவில்லை என்றார். தலைவர் மறுநாளே சிங்கப்பூர் கிளம்புவதாக இருந்தார்.

"வேண்டாம் பாய்" என்றேன். "வாஸ்து."