இரண்டு குழாய் எச்சில்

இதில் ஒருவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், பயம்தான். நான் முப்பத்தைந்து வருசமாக வைத்திருக்கும் பெயரே என்னுடையதல்ல. கொஞ்சம் பொறுத்தால் அது எப்படி என்று சொல்கிறேன்.

எல்லாம் மகளுடைய பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். சரித்திரப் பாடத்துக்கு ஆளுக்கொரு தலைவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். ஆசிரியை சீட்டுப் போட்டபோது இவளுக்கு விழுந்தவர், அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய மனிதர், பிறகு ஜனாதிபதியாகவும் இருந்தவர். எனக்குச் சந்தோஷம். ஊரறிய நான் அப்பா என்று அழைக்கும் மனிதருக்கு என்னைவிடச் சந்தோஷம். இங்கே தமிழ்ப் பாடசாலையைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். எந்த மேடையில் ஏறினாலும், மனிதர் எல்லோரும் சமம் என்று அந்த அமெரிக்கர் எழுதியதைச் சொல்லாமல் இறங்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குசினியில் நான் கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருக்க, மகள் எனக்குப் பேசிக் காட்டினாள். அரசனுக்கு எதிராக எழுதியது, மதத்தையும் அரசையும் பிரித்து வைக்கப் பாடுபட்டது, அவருடைய வரிகளைப் பிடித்துக்கொண்டு பிறகு எத்தனையோ நாட்டுச் சனம் விடுதலை கேட்டது என்று முதல் பாதி நன்றாகத்தான் போனது. பிறகு மடிக்கணினியில் அடுத்த பக்கத்தைத் தட்டினாள்.

"இனித்தான் விசயம் இருக்கு, அம்மா. ஆள் சரியான கள்ளன்."

எல்லோரும் சமம் என்று எழுதிய கைக்கு நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். மனைவி இறந்த பிறகு, வீட்டில் அடிமையாக இருந்த ஒரு பெண்ணிடம் அவருக்குப் பிள்ளைகள் பிறந்தன. அவள் வேறு யாருமல்ல, இறந்துபோன மனைவியின் தகப்பனுக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவள். அவர் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, பதினான்கு வயதில் அவருடைய சின்ன மகளுக்குத் துணையாக அங்கே போனாள். அங்கேயே நின்றிருந்தால் பிரெஞ்சுச் சட்டப்படி விடுதலை கேட்டிருக்கலாம். பிறக்கும் பிள்ளைகளையாவது விடுதலை செய்வேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததால் திரும்பிப் போனாளாம். ஊரில் கதை அடிபட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அவருடையவை அல்ல, அவருடைய சகோதரியின் மகன்மாருடையவை என்று பேரப்பிள்ளைகள் சாதித்தார்கள்.

"பிறகு?" என்றேன்.

"இருநூறு வருசத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்துச் சந்ததியின்ரை ரத்தத்தையும் எடுத்து டி.என்.ஏ. சோதிச்சுப் பாத்தவை. ஆள் அம்பிட்டார். பேப்பரில என்னத்தை எழுதினாலும் ரத்தம் பொய் சொல்லாது, அம்மா."

நான் அரிந்து முடித்த லீக்ஸையே திரும்ப அரிந்துகொண்டு நின்றேன்.

அப்பா என்று நான் அழைப்பவர் என் பெரியப்பா, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போன என் சொந்த அப்பாவின் அண்ணன். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அவர் ஜெர்மனியில், பெரியம்மாவும் அவர்களுடைய ஒரே மகளும் ஊரில். இருவருக்கும் விசா வந்து, புறப்பட மூன்று கிழமை இருக்கும்போது அந்தப் பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். சண்டை உச்சத்தில் இருந்த நேரம். பிறப்புச் சான்றிதழ் இருந்தது, விசா இருந்தது, போவதற்குத்தான் பிள்ளை இல்லை. என் அம்மா ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டு என்னைப் பெரியம்மாவின் கையில் பிடித்துக் கொடுத்தார். "இண்டையிலயிருந்து நான் உனக்குச் சித்தி" என்றார். கொழும்புக்குப் போகும் வழியெல்லாம் பெரியம்மா செத்த மகளின் பெயரால் என்னைக் கூப்பிட்டுப் பழக்கினார். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுவிட்டு அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மட்டும் உடனே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அந்தப் பெயரில்தான் படித்தேன், கல்யாணம் கட்டினேன், ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்தேன். செத்தவளின் பிறந்தநாளுக்குத்தான் வருசா வருசம் கேக் வெட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போன் எடுத்தால் பெற்றவளைச் சித்தி என்றே அழைக்கிறேன். என் மகளுக்கு அவர் சின்ன அம்மம்மா. யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, ஆனால் நம்பினோம். கணவருக்குச் சொல்லியிருக்கிறேன். மகள் வாய் தவறி எங்கேயாவது உளறிவிடுவாள் என்று அவளுக்குச் சொல்லவே இல்லை. பிடிபட்டால் கடவுச்சீட்டைப் பறிப்பார்களா, இவ்வளவு காலம் போன பிறகு விட்டுவிடுவார்களா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவே பயம். தபால்பெட்டியில் அரச அலுவலகத்தின் மஞ்சள் உறை கிடந்தால், அது வேகமாகக் கார் ஓட்டியதற்கான கடிதமாக இருந்தாலும் குளியலறையைப் பூட்டிக்கொண்டுதான் பிரிப்பேன்.

அடுத்த புதன்கிழமை மேசையில் ஒரு சின்னப் பார்சல் இருந்தது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் குழாய்.

"நானும் அம்மப்பாவும் துப்பி அனுப்பப் போறம். தாத்தா, பேத்தி எண்டு வரும். சோதினை எப்பிடி வேலை செய்யுது எண்டு கடைசியில வகுப்புக்குக் காட்டலாம்" என்றாள் மகள். அவள் பேச இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நான் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஊராரின் எச்சிலை உறிஞ்சி எடுப்பதுதான் தொழில். எச்சிலைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

"எங்கடை விபரமெல்லாம் ஆற்றையோ கையில போயிடும்" என்றேன்.

"நீங்கள் வடை சுட்டாலும் முகநூலில போடுறனீங்கள், அம்மா. இப்ப என்ன புதுசா?"

மறுநாள் வேலையிடத்தில், கருவிகள் கழுவும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, அவள் குழாயோட வந்தால் துப்பாதேங்கோ."

"துப்பிப்போட்டன், பிள்ளை. பள்ளிக்கூடத்தால வந்தவள். இப்பதான் தபாலில போட எண்டு போறாள்."

"உங்களுக்கென்ன விசரோ?" அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாட்டன் எண்டால் ஏன் எண்டு கேப்பாள். அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை" என்றார்.

ஆறு கிழமை காத்திருந்தேன். போலீஸ்காரர் ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமலே நான் வைத்த உறிஞ்சு குழாய் அவர் நாக்கில் போய் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மகள் விடாமல் பேசிப் பழகினாள். அந்த அடிமைத் தாயின் பிள்ளைகள் பார்வைக்கு வெள்ளைக்காரர் போலவே இருந்தார்களாம். அவர்களில் பெண்பிள்ளையை ஒருநாள் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவள் வெள்ளைக்காரியாகவே வாழ்ந்து, வெள்ளைக்காரனைக் கட்டி, பிள்ளைகளும் பெற்றாள். "கடைசி வரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை, கெட்டிக்காரி" என்று என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு தட்டும் சத்தத்துக்கு அவள் எத்தனை தரம் திடுக்கிட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தாய்க்கு ஆள் மூலம் ஒரு சேதி அனுப்பியிருந்தால், என்ன முறை சொல்லி அனுப்பியிருப்பாள்?

ஒரு பின்னேரம் மகள் போனையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

"முடிவு வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வகுப்பில் பேசிவிட்டு வந்த அன்று, பதினைந்துக்குப் பதினான்கு புள்ளி என்றாள். மற்றப் புள்ளி எங்கே போனது என்று நானும் எல்லாத் தமிழ்த் தாய்மாரையும் போலக் கேட்டேன். "கடைசியில இருந்த எச்சில் சோதினைப் பக்கத்தை நீக்கிப்போட்டன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டென்று மனம் ஆறியது எனக்கு. எவ்வளவு மடைச்சி நான்.

அந்த ஞாயிறு வழமை போல ஊருக்குப் போன் எடுத்தேன். சித்தி, மருந்து ஒழுங்காகப் போடுறியளோ என்று கேட்டு முடிப்பதற்குள் மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அம்மம்மா, சுகமா இருக்கிறியளோ?"

சின்ன என்ற சொல் இல்லை. நான் முதலில் செய்த காரியம், ஓடிப்போய் யன்னலைச் சாத்தியது. போன் ஒலிபெருக்கியில் இருந்தது. பிறகு என் அம்மாவின் குரல், பயந்துபோன குரல். "பிள்ளை, அப்பிடிச் சொல்லக் கூடாது. நான் சின்ன அம்மம்மா. போனை வையுங்கோ, ஆரும் கேட்டிடுவினம்." வைத்துவிட்டார்.

"பேத்திக்கு வர வேண்டியதிலை பாதிதான் வந்தது" என்றாள் மகள். "அம்மப்பாட்டைப் போய்க் கேட்டனான். எல்லாம் சொன்னவர். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், அம்மா." அழுதாள். "நீங்கள் ஒருக்கால் அவாவை அம்மா எண்டு கூப்பிடுங்கோ. இஞ்சை எங்களைத் தவிர ஆரும் இல்லை."

அவளே திரும்பவும் இலக்கத்தை அழுத்திப் போனை என் காதில் வைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது. "ஓம், ஆர்?" என்றார் அம்மா.

அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சித்தி என்றுதான் வந்தது.