ஒரே தடவை விட்ட ஸ்கேல்

உலக யுத்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காததால், எங்கள் பெரம்பலூர்–அரியலூர் பஸ் பின்னால் பொருத்திய கரியடுப்பிலிருந்து வரும் கரிவாயுவில் ஓடியது. நரம்பில் செய்தி ஓடும் வேகம் வயதானால் குறையும் என்று கல்லூரியில் படித்த ஜோரில், பஸ் கிளம்புமுன் ஐம்பது தாண்டிய டிரைவரிடம் ஸ்கேலோடு போனேன்.

"டிரைவரண்ணே, மேலேர்ந்து ஸ்கேல விடுறேன், கீழ விழறதுக்குள்ள ரெண்டு விரலால புடிங்க!"

நான் பாதியிலேயே பிடித்துவிடும் ஸ்கேல், அவர் விரல்களுக்குத் தப்பித் தரையில் விழுந்தது.

"அண்ணனுக்கு நரம்பு மந்தம்!" என்று பயணிகள் முன் கத்தினேன்.

"அப்ப இன்னைக்கு மாடு குறுக்க வந்தா நாளைக்குத்தான் பிரேக் புடிப்பாரு!" என்றார் ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சேதி கேட்ட பஸ் முதலாளி மறுநாளே டிரைவரை வண்டி ஓட்டுவதிலிருந்து இறக்கி, கரியடுப்பைக் கிளற வைத்துவிட்டார்.

பயந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆரோக்கியமானவர்களுக்குக் கொஞ்சம்தான் குறையும் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அதோடு, நான் வீட்டில் நாள் முழுக்கப் பழகியவன். அவருக்கு அதுதான் முதல் தடவை.

முதலாளியிடம் தவறைச் சொல்லி, அவர் எதிரிலேயே பத்துத் தடவை ஸ்கேலை விட்டேன். மூன்றாவதிலிருந்து டிரைவர் பிடித்துவிட்டார். கடைசியில் ஸ்கேலைப் பிடித்த இடத்தில் எனக்கும் அவருக்கும் அரை அங்குலமே வித்தியாசம்.

"போய் வண்டிய எடுய்யா" என்றார் முதலாளி.

டிரைவர் என்னைத் திட்டவில்லை. "அன்னைக்கே இன்னொரு தடவ விட்டிருந்தா புடிச்சிருப்பேனே, தம்பி" என்றார்.

 இப்போது யாரைச் சோதித்தாலும் பத்துத் தடவை பார்க்கிறேன். முடிவைச் சோதிக்கப்பட்டவரிடம் மட்டும் தனியே சொல்கிறேன்.