சுவருக்கு மேலே ஒரு வாசல்

கீழ் கோத்தகிரி பஸ்ஸில் மாலையில் என் பக்கத்து சீட்டில் வருவார், தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் அந்த அக்கா. தலையில் மப்ளர், மடியில் சாப்பாட்டுப் பை. மலைச்சரிவை ஒட்டிப் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர் வந்ததும் எழுந்து, சன்னல் வழியே மேலே பார்த்துக் கையாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

"ஏனுங்கக்கா, மேல யாருங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கூட்டுக்காரருங்க. நடக்க முடியாது, வாசல்லயே உக்காந்திருப்பாரு. முன்ன இங்கயே எறங்கி ஒத்தையடிப் பாதைல ஏறிருவனுங்க. செவுரு வந்து பாதையும் போச்சு, ஸ்டாப்பும் போச்சு. இப்ப அடுத்த ஸ்டாப்புல எறங்கிச் சுத்தி நடந்தா முக்கா மணி நேரமாவுதுங்க. பஸ்ஸப் பாத்ததுமே நான் வந்துட்டேன்னு நெனச்சுக்குவாரு. சுத்தி வர நேரமாவும்னு தெனமும் சொல்றனுங்க, மறந்துருவாரு."

அந்தச் சுவருக்கு வரைபடம் போட்டவன் நான். மண் சரியக்கூடாது என்பதுதான் எனக்கு இட்ட வேலை; பாதையை நான் பார்க்கவே இல்லை. படிக்கட்டு கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். முடிந்த வேலை என்று திருப்பிவிட்டார்கள். அக்காவிடம் எதையும் சொல்லவில்லை.

நேற்று அக்கா அசதியில் தூங்கிவிட்டார். சுவர் வந்ததும் நான் எழுந்து கையாட்டினேன். மேலே வாசலில் ஒரு கை அவசர அவசரமாக, சந்தோஷமாக ஆடியது.