ஒற்றைப் பெண் ஜரினா

குமணன்சாவடியில் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வேண்டுமென்றால் ஜரினாவிடம்தான் போவார்கள். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். அவள் காதில் போட்டது கிணற்றில் போட்ட கல். பக்கத்து வீட்டுக் கதை எதிர் வீட்டுக்குப் போகாது. அந்த நல்ல குணமே அவள் பெற்ற பிள்ளைக்கு வினையாக வந்தது.

பிள்ளையின் பெயர் ராஷித். பெயர் வைத்தவள் ஜரினாவின் அம்மா ஜமீலா. வேறு எந்தப் பெயரையும் அவள் காதில் வாங்கவில்லை. ஆறு மாதம் வரை பையன் கொழுகொழுவென்று இருந்தான். பிறகு பிடித்தது சளி. சளி போனால் காதில் சீழ், சீழ் ஆறினால் காய்ச்சல், ஒரு வயது தாண்டியதும் நிமோனியா. மூக்கு ஒழுகாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? ஆனால் மற்ற பிள்ளைகளுக்கு வந்த சளி ஒரு வாரத்தில் கிளம்பிவிடும். இவனிடம் வந்தது அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறிவிட்டது.

முதல் நிமோனியாவின்போது வார்டில் ஓர் இளம் டாக்டர் கேட்டார். "உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் ஆம்பளக் குழந்தை யாராவது சின்ன வயசுல இறந்திருக்காங்களா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் கணவன் நஜீரும் அவனுடைய அக்கா அதீபாவும் நின்றார்கள்.

"எங்க ஊட்ல எல்லாரும் குத்துக்கல்லாட்டம் கீறோம் டாக்டர்" என்று அதீபா முந்திக்கொண்டாள். பிறகு இருவரும் ஜரினாவைப் பார்த்தார்கள்.

"எங்க பக்கமும் யாருமில்ல. நான் ஒத்தப் பொண்ணு" என்றாள் ஜரினா.

பச்சைப் பொய். அவளுக்குப் பின்னால் இர்ஃபான், பைசல் என்று இரண்டு தம்பிகள் பிறந்தார்கள். இரண்டு பேரையும் இரண்டு வயது முடிவதற்குள் நெஞ்சுச் சளி கொண்டுபோனது. பைசல் மூச்சு இழுத்த சத்தம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவளுக்கு ஏழு வயது. அவளுக்கு முதலில் வந்த வரன், "ஆம்பளப் புள்ள தங்காத குடும்பமாமே" என்று யாரோ சொல்லக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டது. அதோடு ஜமீலா வாலாஜாபாத்தை விட்டுப் பூந்தமல்லிக்குக் குடிவந்தாள். நஜீர் வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"தம்பிங்க பேச்சு உன் வாயிலேர்ந்து வரவே கூடாது. நீ ஒத்தப் பொண்ணு."

கொடுத்த வாக்கை ஜரினா காப்பாற்றினாள். அதற்குப் பரிசாக அடுத்த எட்டு மாதத்தில் ராஷித்துக்கு இன்னும் இரண்டு தடவை நிமோனியா வந்தது.

மூன்றாவது தடவை பார்த்தவர் டாக்டர் எழிலரசி. டார்ச் அடித்து ராஷித்தின் தொண்டையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். டான்சில் சதை இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்றார். ஒரு தாளை எடுத்து, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். நஜீர் பக்கம் தாள் போதவில்லை. ஜரினா பக்கம் ஒரே ஒரு வட்டம்.

"சில பசங்களுக்குப் பிறப்புலயே உடம்புல எதிர்ப்பு சக்தி உருவாகாதும்மா. அம்மா வழியா வரும். பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆகாது, பையன்களைத்தான் பிடிக்கும். உங்ககூடப் பொறந்த பையன் யாருமே இல்லையா?"

ஆக்சிஜன் குழாய்க்குக் கீழே ராஷித்தின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. மூச்சில் பைசலிடம் கேட்ட அதே சத்தம். பக்கத்தில் நின்ற நஜீரின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, தன் வட்டத்துக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக இரண்டு கட்டம் போட்டாள்.

"தம்பிங்க ரெண்டு பேரும் மௌத்தாயிட்டாங்க டாக்டர். இதே மாதிரிதான் மூச்சு வாங்கிச்சு."

எழிலரசி திட்டவில்லை. இறந்தவர்கள் என்பதற்கு இரண்டு கட்டத்திலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் நஜீர் சுவரில் சாய்ந்து நின்றான். பாடியிலுள்ள லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல். அன்று அது எழும்பவே இல்லை.

"ஒத்தப் பொண்ணுன்னுட்டா உன்ன கட்டிக்கினேன் நானு? தம்பிங்க செத்தது உன் தப்பா? எட்டு மாசமா புள்ள மூச்சு வாங்கிகினு கீறான் ஜரினா. அப்பக்கூடச் சொல்லத் தோணலயா?"

எந்தக் கல்யாணம் உடைந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அந்தக் கல்யாணம் அப்படியேதான் நின்றது. உடைந்தது வேறு. ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று ரிசல்ட் வந்தது. மாதம் ஒரு முறை அதை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், ஆயுசு முழுக்க. வலது நுரையீரலின் அடிப்பகுதி பழையபடி ஆகாது. முதல் நிமோனியாவிலேயே தெரிந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் எழிலரசி. ஜரினா அந்த எட்டு மாதத்தை நினைத்து நினைத்து அழுதாள்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"சத்தியத்த மீறிட்டேன்மா. டாக்டரம்மா தாள்ல தம்பிங்களுக்குக் கட்டம் போட்டுக் காட்டிட்டேன். ராஷித்துக்கும் அதே நோவுதானாம்."

வசவு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"எத்தன கட்டம் போட்ட?" என்றாள் ஜமீலா.

"ரெண்டு."

லைன் போய்விட்டதோ என்று ஜரினா போனைப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொரு கட்டம் போடச் சொல்லு. உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். பதினோரு மாசம் இருந்தான்."

தலைச்சன் பிள்ளை தான்தான் என்று முப்பது வருடமாக நம்பியிருந்த ஜரினா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் பேரு கேப்பாங்கம்மா. அவன் பேரு இன்னா?"

"அவன் பேரத்தான உன் புள்ளைக்கு வெச்சேன்" என்றாள் ஜமீலா.