விருப்பமுள்ளவர்கள் மனுச் செய்யலாம்

கோவ் துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது என்றாலே டோனல் க்ரோலிக்கு வயிறு எரியும். கப்பல் என்ன செய்யும், பாவம். கோபமெல்லாம் ஹன்னா ட்வோமி மேல். ஒரு நாள், இரண்டு நாள் கோபமில்லை. பதினாறு வருஷத்துக் கோபம்.

கப்பலில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே மலைப்பக்கம் போய்க் காட்டிவிட்டு, சாயங்காலம் கப்பல் கிளம்புமுன் திரும்பக் கொண்டுவந்து விடுகிற பஸ்ஸை ஓட்டுகிறவன் டோனல். பக்கத்துச் சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து வழி நெடுகப் பேசுகிறவள் ஹன்னா. கோட்டை, மழை, பட்டினிக் காலம், பசு என்று அவள் எதைச் சொன்னாலும் அவனுக்கு ஒன்றுமில்லை. இன்சிகீலா ஊர் தாண்டியதும் அவள் சொல்வதைத்தான் பொறுக்க முடியாது.

அங்கே ரோடு ஏரிக்கரையை ஒட்டி ஒடுங்கிப் போகும். இந்தப் பக்கம் வேலிச்செடி கண்ணாடியில் உரசும், அந்தப் பக்கம் தண்ணீர். உள்ளே இருக்கிறவர்கள் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஹன்னா தொண்டையைச் செருமுவாள்.

"இதோ ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு உர்ருனு இருக்காரே, இவருதான் டோனல். இன்னும் கல்யாணம் ஆகல. பன்னெண்டு ஏக்கர் நிலம் இருக்கு, அதுல பதினொண்ணு வெறும் கோரைப்புல்லு. ஆனா பல்லு பூராவும் சொந்தப் பல்லு. விருப்பம் உள்ளவங்க என்கிட்ட மனுச் செய்யலாம்."

பஸ் முழுக்கச் சிரிக்கும். டோனலுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறும். கல்யாணம் ஆகாதது நிஜம், கோரைப்புல்லும் நிஜம். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பான்.

கூகன் பாரா ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் பெண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். அந்த ஒரு ஏக்கரில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்பாள். ஒஹாயோக்காரி ஒருத்தி செத்துப்போன புருஷன் போட்டோவை எடுத்துக் காட்டி, இவரும் உங்களை மாதிரித்தான், பேசவே மாட்டார் என்றாள். ப்ரெமன் ஊர்க் கிழவர் ஒருவர் தன் தங்கைக்கே சம்பந்தம் பேசினார். டோனல் 'ம்' என்பான், 'ஆமா' என்பான், புதினா மிட்டாய் கொடுத்தால் வாங்கி வாயில் போட்டுக்கொள்வான். இதெல்லாம் தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்வான்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, போன வருஷம் ஜூன் வரைக்கும். ஜூனில் ஒரு நாள் அமெரிக்கப் புருஷனோடு எய்லீஷ் பஸ்ஸில் ஏறினாள். இருபது வயசில் டோனல் டான்ஸ் ஹாலிலிருந்து வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே போனது அவளோடுதான். ஏறும்போது இரண்டு பேருமே தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. ஏரிக்கரையில் ஹன்னா வழக்கம்போல ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். டோனல் கண்ணாடியில் பார்த்தான். எய்லீஷ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மத்தியானம் க்ளென்காரிஃப் ஓட்டலில் டிரைவருக்கும் கைடுக்கும் சமையல்கட்டை ஒட்டி ஒரு சின்ன மேசை உண்டு, சாப்பாடு இலவசம். பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வந்தது. டோனல் முள்கரண்டியைத் தொடவில்லை.

"அந்தப் பேச்சை விட்டுடு."

"எந்தப் பேச்சு?"

"உனக்கே தெரியும்."

ஹன்னா உருளைக்கிழங்கின் தோலை மெதுவாக உரித்து முடித்தாள். "சரி" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை, சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து அந்த வளைவில் ஏரி மீனைப் பற்றிப் பேசினாள். டோனலுக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஒரு வாரம் இருந்தது.

அதற்கப்புறம் ஒருத்தரும் அவனிடம் வரவில்லை. இறங்கும்போது 'தேங்க்ஸ்' சொல்வார்கள், அது படிக்கட்டைப் பார்த்துச் சொல்கிற தேங்க்ஸ். ஏரிக்கரையில் முன்னே பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவன், இப்போது கதவுப் பக்கமே நின்று துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாரும் ஏரி நடுவில் இருக்கிற தீவுக் கோயிலைப் படம் எடுக்க அவனைத் தாண்டிப் போனார்கள். வீட்டிலோ கெட்டிலில் ஒரு கப் தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிற வாழ்க்கை. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம். நாள் முழுக்க நாற்பது பேரோடு போய்வந்து, ஒரு வார்த்தை பேசாமல் படுக்கிற நாட்கள் வரிசையாக வந்தன.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அந்தக் கேலி திரும்ப வேண்டும் போலிருந்தது. எந்த மூஞ்சியோடு கேட்பது? வேண்டாம் என்று சொன்னவனே அவன்தானே. ஒரு தடவை சாப்பாட்டு மேசையில் "ஹன்னா" என்றுகூடக் கூப்பிட்டுவிட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். உப்பை எடு என்றான்.

அக்டோபரில் கடைசிக் கப்பலும் போயிற்று. ஏப்ரலில் முதல் கப்பல் வந்தபோது மைக்கைப் பிடித்துக்கொண்டு வேறு யாரோ நின்றார்கள். ஹன்னா கார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் என்றார்கள். விழுந்து இடுப்பு உடைந்ததாம், படுத்தபடுக்கையில் நுரையீரலும் கெட்டுப்போயிற்றாம். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போய், மூன்றாம் ஞாயிறு போனான்.

பாதி உடம்பாகியிருந்தாள். கனடாவில் தங்கச்சி ஒருத்தி, அதைத் தவிர நாதியில்லை. டோனல் கோட்டைக்கூடக் கழற்றாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றான். ஏரிக்கரை ரோட்டு வேலிச்செடியை வெட்டிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை என்றான். ஓட்டலில் இன்னும் அதே முட்டைக்கோசுதானா என்று கேட்டாள். அதேதான் என்றான். அதோடு பேச்சு தீர்ந்துபோயிற்று. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

"அந்தப் பேச்சை எதுக்கு ஆரம்பிச்ச?"

ஹன்னா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "நீ வந்த முதல் வாரம் உன்னப் பாத்துப் பாதிப் பேருக்குப் பயம். வண்டி ஓட்டுறது ஆளா கல்லான்னு ஒரு கிழவி என்கிட்ட கேட்டா. ஆளுதான்னு நிரூபிக்க வேண்டியிருந்துச்சு."

டோனல் சாவியைப் பார்த்தான்.

"அதுவும் மனு எல்லாம் என்கிட்டதானே வந்துச்சு" என்றாள். "உன்னப் பத்திக் கேக்க வந்து என்கிட்ட உக்காந்து பேசுவாங்க. மைக்க நிறுத்துனா என்கிட்ட மட்டும் யாரு பேசுறா?"

இதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. வேண்டாம் என்று சொன்னபோது தன் வீட்டுக் கதவை மட்டும்தான் சாத்துகிறோம் என்று நினைத்திருந்தான்.

"திரும்பச் சொல்லேன்" என்றான்.

நர்ஸ் மருந்தோடு வந்தாள். ஹன்னா விரலை மட்டும் தூக்கி அவனைக் காட்டினாள். "இவருக்கு... இன்னும் கல்யாணம் ஆகல" என்று ஆரம்பித்தாள். நிலம் என்று சொல்வதற்கே மூச்சு வாங்கியது. கோரைப்புல்லில் இரண்டு தடவை நின்றது. பல்லு வரைக்கும் வந்து சேர்ந்தாள், மனு பாக்கி நின்றுவிட்டது. நர்ஸ் சிரித்துவிட்டு, நிஜமாகவே எல்லாம் சொந்தப் பல்லா என்று அவனைக் கேட்டாள்.

"ரெண்டு போயிடுச்சு" என்றான் டோனல். அந்தக் கேலிக்கு ஒரு முழு வாக்கியமாகப் பதில் சொன்னது இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஹன்னா கண்ணை மூடிச் சிரித்தாள், இருமினாள். நர்ஸ் போன பிறகு அவன் கதவுப் பக்கம் திரும்பினான். போய்வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

அவள் அவனிடம் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

"கப்பல் ஒண்ணும் கெளம்பல, டோனல். அந்தக் கோட்டக் கழட்டிப் போட்டுட்டு, சித்த நேரம் உக்காரு."